டீமன் தின்ற ஆன்மா: வயிற்றுக்குள் எத்தனை மணி நேரம்?

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் சாவு ஒரு செலவுக்கணக்கு. செத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, கையில் 300 பொன் பெறும் வைரம் இருக்கிறது என்றால் ரிவிவிஃபை மந்திரம் போதும். பத்து நாள் வரை ரெய்ஸ் டெட், 500 பொன் வைரம். நூறு ஆண்டு வரை ரிசரக்‌ஷன், 1,000 பொன். இருநூறு ஆண்டு ஓடி எலும்புகூட மிஞ்சாவிட்டாலும் ட்ரூ ரிசரக்‌ஷன் இருக்கிறது; 25,000 பொன் எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய மந்திரங்களின் விதியில் ஒரு நிபந்தனை உண்டு: இறந்தவரின் ஆன்மா கட்டுப்படாமல் இருக்க வேண்டும், திரும்பிவர அதற்கு விருப்பமும் இருக்க வேண்டும். ஆன்மா தின்னும் பிராணிகள் எல்லாம் கைவைப்பது அந்த முதல் பாதியில்தான்.

ஆகவே "ஆன்மாவை டீமன் தின்றுவிட்டது, இனி என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எது தின்றது, தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று, உடல் மிஞ்சியதா இல்லையா என்று மூன்றையும் கேட்ட பிறகே பேச முடியும். இங்கே தரும் எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையும் அதையொட்டிய நூல்களையும் சேர்ந்தவை. பழைய பதிப்புக்குத் தாவும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேய், பிசாசு, அரக்கன் என்று தமிழில் எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த ஆட்டத்தில் குழப்பம் வரும். இங்கே டீமன் வேறு, டெவில் வேறு. இரண்டுக்கும் இடையே பிளட் வார் என்ற முடிவில்லாத போரே நடக்கிறது. டீமன்கள் அபிஸ் என்ற அடியற்ற பாதாளத்தைச் சேர்ந்தவை, ஒழுங்கு என்ற சொல்லே அவற்றுக்கு ஆகாது. டெவில்கள் ஒன்பது நரகங்களைச் சேர்ந்தவை, ஒப்பந்தமும் பதவி வரிசையும் அவற்றுக்கு உயிர். இரண்டையும் சேர்த்துக் கெட்ட தளங்களில் (இந்த ஆட்டத்தில் தளம் என்றால் தனி உலகம்) பிறந்தவை அனைத்துக்கும் பொதுப்பெயர் ஃபீண்ட். அதனால் இந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், யாரும் தின்னாவிட்டால் ஆன்மா எங்கே போகும் என்று பார்த்துவிடலாம். இந்த ஆட்டத்தின் கதை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இறந்தவரின் ஆன்மா ஃபியூக் தளத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அவரவர் வணங்கிய தெய்வத்தின் தூதர் வந்து அழைத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். யாரையும் வணங்காதவர்களுக்கும் வணங்குவதாக நடித்தவர்களுக்கும் இறந்தோரின் தேவன் கெலம்வோர் தீர்ப்புச் சொல்கிறான். இந்தக் காத்திருப்புக் கூடத்தில் டெவில்கள் வந்து பேரம் பேசும். அதற்கு அனுமதியும் உண்டு. டீமன்கள் பேசுவதில்லை. வாசலைத் திறந்துகொண்டு புகுந்து கொள்ளையடித்துப் போகும். இரண்டு இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இதைவிட நல்ல காட்சி வேறில்லை.

கெட்டவனின் ஆன்மா அபிஸுக்குப் போனால் அது மேனீஸ் என்ற மிகக் கீழ்நிலை டீமனாக மாறுகிறது. 9 ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய அடியின் அளவு), சவால் அளவு (எதிரியின் வலிமையைச் சொல்லும் எண்) எட்டில் ஒன்று. புதிதாக ஆடவந்தவர்கள்கூட வெட்டிச் சாய்த்துவிடக் கூடிய பிராணி. அதைக் கொன்றால் நாறும் புகையாகக் கரைந்து, ஒரு நாள் கழித்து மீண்டும் மேனீஸாகவே உருவெடுக்கும். ஆனால் ஒரு டீமன் பிரபு அதைத் தின்றால் மீண்டும் உருவெடுப்பது கிடையாது, அடியோடு அழிவுதான். நடைப்பிணங்களின் டீமன் பிரபுவான ஓர்கஸ் மட்டும் வேறு வழியில் போவான்: மேனீஸைப் பெரும்பாலும் கூல், நிழல் என்ற நடைப்பிண வகைகளாக மாற்றிக்கொள்வான். அதாவது ஒருவன் வாழ்நாளெல்லாம் டீமனைக் கும்பிட்டு, செத்தபின் டீமனாகவே பிறந்து, அடுத்த வாரமே தன் பிரபுவின் வாய்க்குள் போகலாம். அபிஸை வணங்குகிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

இனி தின்னும் பிராணிகள். விதிகளை மிகத் துல்லியமாக எழுதியிருப்பது பார்கெஸ்டுக்குத்தான், அதனால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. கறாராகச் சொன்னால் இது டீமன் அல்ல, கெஹென்னா தளத்தைச் சேர்ந்த ஃபீண்ட். 2016இல் வந்த நூலின்படி, காப்ளின்கள் என்ற குள்ளப் பிராணிகளின் தெய்வமான மக்லுபியெட் ஒரு போருக்காகக் கெஹென்னாவின் தளபதியிடம் படை வாங்கிவிட்டு விலையைக் கொடுக்காமல் ஏமாற்றினான். அதற்குப் பழிவாங்கத் தளபதி பார்கெஸ்டுகளை உண்டாக்கினான். காப்ளின் தாய்க்குச் சாதாரணக் குழந்தை போலவே பிறந்து, வளர்ந்தபின் தன் உண்மை உருவத்தை எடுத்து, 17 காப்ளின் இன ஆன்மாக்களைத் தின்றுவிட்டு ஊர் திரும்புவதே அதன் வேலை. தின்னப்பட்ட காப்ளினின் ஆன்மா மக்லுபியெட்டின் மறுலகப் படைக்குப் போய்ச் சேராது. பசிக்காகத் தின்பது மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நடப்பது கடன் வசூல்.

மனிதர்களோ எல்ஃப்களோ சிக்கினாலும் அது விடாது. கொன்று பத்து நிமிடத்துக்குள் சடலத்தைத் தின்னத் தொடங்க வேண்டும். தின்று முடிக்கக் குறைந்தது ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று. முடிந்ததும் உடல் இல்லாமல் போகிறது, ஆன்மா அதன் வயிற்றில் 24 மணி நேரம் கிடக்கிறது. அதற்குள் பார்கெஸ்ட் செத்தால் ஆன்மா வெளியேறும். அதற்குள் யாராவது உயிர்ப்பிக்கும் மந்திரம் போட்டால் 50 விழுக்காடு வாய்ப்பு. பலித்தால் ஆன்மா வயிற்றிலிருந்து பிடுங்கப்பட்டு வரும். 24 மணி நேரம் கடந்தால் ஆன்மா செரித்துவிட்டது. அதன்பின் மனிதர் கையிலுள்ள எந்த மந்திரத்தாலும் முடியாது.

மூன்றரையாம் பதிப்பில் இந்தக் கடிகாரமே இல்லை. தின்றுவிட்டால் உடலின் துண்டு தேவைப்படும் மந்திரங்கள் எல்லாம் வீண். விஷ் (கேட்டதை நிறைவேற்றும் மிகப்பெரிய மந்திரம்), மிரக்கிள், ட்ரூ ரிசரக்‌ஷன் மூன்றில் ஒன்றைப் போட்டால் 50 விழுக்காடு. அதையும் ஒரே ஒரு முறைதான் உருட்டிப் பார்க்கலாம். தவறினால் தவறியதுதான். அந்தப் பதிப்பில் அது பகடையின் தீர்ப்பு. ஐந்தாம் பதிப்பில் அது ஒரு நாள் வேட்டை, ஆட்டமாக ஆடிப் பார்க்க இதுவே சுவையானது.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். பார்கெஸ்டைத் துரத்திப் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள், ஆன்மா விடுபட்டது என்று மகிழ்கிறார்கள். விடுபட்ட ஆன்மா புகுவதற்கு உடல் எங்கே? ரெய்ஸ் டெட் போடத் தொடுவதற்குச் சடலமே இல்லை. உடலே இல்லாதபோது புது உடல் தருவது ட்ரூ ரிசரக்‌ஷன். அதற்குக் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) 17ஆம் நிலையில் இருக்க வேண்டும். சடலத்தின் ஒரு துண்டாவது கையில் இருந்தால் ரீஇன்கார்னேட் பலிக்கும்: டிரூயிட் (இயற்கையின் சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்) 9ஆம் நிலை, 1,000 பொன்னுக்கு அரிய தைலங்கள், இறந்து பத்து நாளுக்குள். எந்த இனத்து உடல் வாய்க்கும் என்பதைப் பகடை முடிவுசெய்யும். சண்டையில் முன்பே வெட்டுண்டு விழுந்த விரல் அந்தத் துண்டாகுமா என்பது நல்ல கேள்வி. தின்ற உடலோடு சேராமல் வெளியே கிடந்தது என்பதால் ஆகும் என்பதே என் பக்கம். ஆனால் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சறுக்கல் தீயால் வருவது. பத்தடி உயரமோ அகலமோ உள்ள தீக்குள் பார்கெஸ்ட் தன் முறையைத் தொடங்கினால், கரிஸ்மா சேவிங் த்ரோவில், அதாவது ஆளுமை வலிமையால் தப்பிக்க உருட்டும் பகடையில், 15 எடுக்க வேண்டும். தவறினால் அக்கணமே கெஹென்னாவுக்குத் துரத்தப்படும். ஊரைக் காப்பாற்ற இது அருமையான வழி. ஆனால் வயிற்றில் நண்பனின் ஆன்மா இருக்கும்போது தீ மூட்டினால், 24 மணி நேரக் கடிகாரமும் பார்கெஸ்டோடு சேர்ந்தே வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. பார்கெஸ்ட் சாகவில்லை, வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. செரிமானம் அங்கேயும் நடக்கும்.

உண்மையான டீமன் வேண்டுமென்றால் நபாசு. 2018 நூலில் அதன் சவால் அளவு 15. தான் கொன்ற ஆளை, கொன்று ஒரு மணி நேரத்துக்குள், சடலத்திலிருந்து ஐந்தடிக்குள் குறைந்தது பத்து நிமிடம் இருந்து தின்ன வேண்டும். இயந்திரப் பிராணிக்கும் நடைப்பிணத்துக்கும் இது பொருந்தாது. தின்றவுடன், இரையின் ஹிட் டைஸில் (அதன் ஹிட் பாயிண்டைக் கணக்கிடும் பகடைகள்) பாதி எண்ணிக்கைக்கு எட்டுமுகப் பகடைகளை உருட்டி அதன் ஹிட் பாயிண்டோடு சேர்க்கிறார்கள். அப்படிச் சேரும் ஒவ்வொரு நான்கு பகடைக்கும் அது கொடுக்கும் அடியின் சேதத்தில் ஓர் ஆறுமுகப் பகடை கூடுகிறது. இந்தப் பலம் ஆறு நாள் நிற்கும். ஆன்மா ஆறு நாளில் தீர்ந்துபோகும் எரிபொருள் என்பதை எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். தின்னப்பட்டவரை மீட்க விஷ் மட்டுமே.

பார்கெஸ்டுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு: நபாசு ஆன்மாவைத்தான் தின்கிறது, சடலம் கிடக்கிறது. இதில் ஒரு வேடிக்கையான வசதி உண்டு. இறந்தவரோடு பேசும் ஸ்பீக் வித் டெட் மந்திரம் ஆன்மாவை அழைப்பதே இல்லை, உடலை இயக்கிவந்த உயிர்ச்சாயலை மட்டும் எழுப்புகிறது என்று அதன் விதியே சொல்கிறது. ஆகவே நபாசு தின்ற ஆளின் வாய் சிதையாமல் இருந்தால் ஐந்து கேள்வி கேட்கலாம், உயிரோடிருந்தபோது தெரிந்ததைச் சொல்லும். ஆன்மா இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சாயலுக்குச் செத்தபின் நடந்தது எதுவும் தெரியாது. பார்கெஸ்டிடம் போனவரிடம் இந்த வசதியும் இல்லை, கேட்பதற்குச் சடலமே இருக்காது.

நபாசுவைத் தடுக்க வேண்டுமானால் அதைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை, பத்து நிமிடத்தைக் கெடுத்தால் போதும். சடலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு மணி நேரம் தாண்டியதும் அது தின்னும் உரிமையை இழக்கிறது. தோழர் விழுந்தால் முதலில் எதிரியைத் தீர்த்துக்கட்டுவோம், பிறகு சடலத்தைப் பார்த்துக்கொள்வோம் என்பது ஆடுபவர்களின் பழக்கம். இந்த ஒரு எதிரியிடம் அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும்.

விஷ் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எட்டாம் நிலை (இது மந்திரத்தின் நிலை, பாத்திரத்தின் நிலை அல்ல) வரையுள்ள எந்த மந்திரத்தையும் விஷ் நகலெடுக்கும், அதில் ஆபத்து எதுவும் இல்லை. அதனால் "விஷ் போட்டு ரிசரக்‌ஷன் செய்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அது பலிக்காது: நகலெடுத்த ரிசரக்‌ஷனுக்கும் ஆன்மா கட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்ற அதே நிபந்தனை உண்டு. தின்ற ஆன்மாவை மீட்கத் திறந்த விருப்பமாகத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் உடல் வலிமை 3க்கு இறங்கும். நீண்ட ஓய்வு எடுக்கும்வரை போடும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அதன் நிலைக்கு ஒரு பத்துமுகப் பகடை வீதம் அடி விழும். இனி வாழ்நாளில் விஷ் போடவே முடியாமல் போக 33 விழுக்காடு வாய்ப்பு. நண்பனுக்காக ஒருவர் தன் மிகப்பெரிய மந்திரத்தைப் பணயம் வைக்கும் காட்சி இது; கதையாகப் பார்த்தால் மிக நன்றாக அமையும், முன்பே தெரிந்திருந்தால்.

மூன்றாவது டெவவரர். சிறு டீமன் ஒன்று ஓர்கஸுக்குத் தன்னை நிரூபித்தால், அவன் அதை எட்டடி உயர வற்றல் உடலாக்கி, விலாக்கூட்டைக் குடைந்து வெறுமையாக்கி, ஆன்மாப் பசியை நிரப்பி அனுப்புகிறான். சவால் அளவு 13. இது செத்தவரைத் தேடுவதில்லை. ஹிட் பாயிண்ட் பூஜ்யமாகி, சாவோடு போராடிக்கொண்டிருக்கும் ஆளை முப்பது அடிக்குள் பார்த்தால் தன் விலாக்கூட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே மரணச் சேவிங் த்ரோ எல்லாம் பாதகத்தோடுதான், இரண்டு பகடையில் குறைந்ததே கணக்கு. உள்ளே செத்தால் டெவவரருக்கு 25 ஹிட் பாயிண்ட் திரும்பும், அதன் சோல் ரெண்ட் தாக்குதல் உடனே தயாராகும், அடுத்த முறையில் ஒரு செயலும் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு சடலத்தை வெளியே கக்குகிறது: இரண்டு ஹிட் டைஸுக்குள் இருந்தவர் ஜாம்பி, மூன்றிலிருந்து ஐந்துவரை கூல், அதற்கு மேல் வைட் என்ற நடைப்பிணமாக எழுவார்.

ஒருவர் விழுந்த உடனே ஹீலிங் வர்ட் என்ற குணமாக்கும் மந்திரம் போட்டு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் கொடுத்துவிட்டால் இந்த வித்தை முழுக்கப் படுத்துவிடும். பூஜ்யத்தில் இல்லாதவரை அது இழுக்க முடியாது. "இரண்டு சுற்று தாங்குவான், பிறகு பார்க்கலாம்" என்ற வழக்கமான கணக்கு இங்கே கொல்லும். பார்கெஸ்டுக்கும் நபாசுவுக்கும் எழுதிய மாதிரியான மீட்பு விதி எதுவும் டெவவரரின் பக்கத்தில் இல்லை. வைட்டாக எழுந்தவரை வீழ்த்தியபின் ரிசரக்‌ஷன் பலிக்கும் என்றே நான் தீர்ப்பளிப்பேன். ஆன்மா செரித்தது என்று எழுத நினைத்தவர்கள் மற்ற இரண்டு இடத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறார்களே.

இந்த மூன்று பிராணிகளின் சவால் அளவையும் மீட்பு மந்திரங்கள் கைக்கு வரும் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். கிளெரிக்குக்கு ரிவிவிஃபை 5ஆம் நிலையில், ரெய்ஸ் டெட் 9இல், ரிசரக்‌ஷன் 13இல், ட்ரூ ரிசரக்‌ஷன் 17இல் வருகிறது. மாயவாதிக்கு விஷ் 17இல். பார்கெஸ்டின் சவால் அளவு 4, ரிவிவிஃபை வருவதற்கு ஒரு படி முன்னால். அது தின்ன எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடம், ரிவிவிஃபையின் கெடுவும் அதே ஒரு நிமிடம். நபாசு 15இல் வருகிறது. குழு ரிசரக்‌ஷனைக் கற்று இனி சாவுக்குப் பயமில்லை என்று நிமிரும் காலம் அது. சாவியை எட்ட இன்னும் இரண்டு படி இருக்கும்போது பூட்டைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். திட்டமிட்டதோ தற்செயலோ, விளைவு இதுதான்: குழு தானே மீட்க முடியாது, கோயிலையோ பெரிய மந்திரவாதியையோ தேடிப் போக வேண்டும். ஓர் ஆன்மா விழுங்கப்பட்ட இடத்தில் புதிய சாகசம் ஒன்று தொடங்குகிறது.

டெவில்கள் இப்படிச் செய்யமாட்டா. 2019இல் வந்த அவெர்னஸ் (ஒன்பது நரகங்களில் முதலாவது) சாகச நூலில் சோல் காயின் என்ற நாணயத்தைப் பார்க்கலாம்: நரக இரும்பு, ஐந்து அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன், ஒவ்வொன்றிலும் ஓர் ஆன்மா. மூன்று முறை பயன்படுத்தலாம். ஆன்மாவின் சாரத்தை உறிஞ்சித் தற்காலிக ஹிட் பாயிண்ட் பெறலாம், அல்லது உள்ளே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். மூன்றும் தீர்ந்தாலோ சாபம் நீக்கும் மந்திரம் போட்டாலோ ஆன்மா விடுபடும், நாணயம் துருப்பிடித்து உதிரும். அதே நாணயத்தை நரகப் போர்வண்டியின் உலையில் போட்டால் வண்டி 24 மணி நேரம் ஓடும். செலவழிக்கவும் சேமிக்கவும் முடிந்த பணம் அது. கையில் கிடைத்ததை அன்றே தின்றுதீர்க்கும் டீமன் டெவிலின் கண்ணுக்கு விதைநெல்லைப் பொங்கித் தின்றவன்.

24 மணி நேரம் என்ற கெடு லிச் என்ற நடைப்பிண மந்திரவாதியின் விதியிலும் வருகிறது. லிச் தன் ஃபைலாக்டரிக்குள் (தன் உயிரை ஒளித்துவைத்த பெட்டகம்) ஒருவரை அடைத்தால் ஒரு நாளில் அவர் முற்றிலும் அழிகிறார். பிறகு தெய்வத்தின் தலையீடு தவிர வழியில்லை. அதற்குமுன் ஒன்பதாம் நிலை மந்திரமாக, மந்திரத்தைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக்கைப் போட்டால் வெளியே வந்துவிடுவார். இந்த ஒரு நாள் கெடு பார்கெஸ்டிலும் லிச்சிலும் ஒன்றாக இருப்பது டன்ஜன் மாஸ்டருக்கு வசதி: சொந்தமாக ஆன்மா தின்னி ஒன்றை உருவாக்கும்போது இதையே எடுத்துக்கொண்டால் ஆடுபவர்களுக்குப் புது விதி மாதிரித் தோன்றாது.

வேறு ஆட்டங்களில் கணக்கு மாறுகிறது. ஸ்கைரிம் என்ற கணினி ஆட்டத்தில் (2011) ஆன்மாவுக்கு அளவு உண்டு: பெட்டி (மிகச் சிறியது) 250, லெஸ்ஸர் 500, காமன் 1,000, கிரேட்டர் 2,000, கிராண்ட் 3,000. மனிதர் ஆன்மா கறுப்பு ஆன்மாக் கல்லுக்குள் மட்டுமே அடங்கும், எப்போதும் கிராண்ட் அளவு. வாளுக்கு மந்திரம் ஏற்றியதும் கல்லின் சக்தி தீர்கிறது, ஆனால் ஆன்மா தீர்வதில்லை. சோல் கெய்ர்ன் என்ற சாம்பல் வெளியில் ஐடியல் மாஸ்டர்ஸ் என்பவற்றின் பிடியில் அலைகிறது. அதே ஆட்டத்தில் ஆல்டுவின் என்ற டிராகன், இறந்த வீரர்கள் போய்ச் சேரும் சொவ்ன்கார்டின் மூடுபனிக்குள் அவர்களின் ஆன்மாக்களை விழுங்குகிறது, அவை திரும்புவதாக எங்கும் இல்லை. வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டத்தின் உலகத்தில் எல்டார் இனத்தார் இன்னும் நடைமுறையாகச் சிந்தித்தவர்கள்: செத்த கணமே ஸ்லானெஷ் என்ற தீய தெய்வம் தின்றுவிடும் என்று தெரிந்து, ஆன்மாவைப் பிடித்துக்கொள்ளும் கல்லை மார்பிலேயே அணிகிறார்கள்.

தின்னும் பக்கத்திலிருந்து கதை சொன்னது நெவர்விண்டர் நைட்ஸ் 2 என்ற கணினி ஆட்டத்தின் துணை ஆட்டமான மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர் (2007). அதில் ஆடுபவரே ஆவிதின்னி. அக்காச்சி என்ற பூசாரி, தெய்வ நம்பிக்கையற்றவர்களின் ஆன்மாக்களை அடைக்கும் சுவரில் பதிக்கப்பட்ட தன் காதலியை மீட்க இறந்தோர் நகரத்தின்மேல் படையெடுத்துத் தோற்றான். அவனிடம் எஞ்சிய பசிதான் ஆளுக்கு ஆள் தாவி இப்போது நமக்குள் இருக்கிறது. தின்னத் தின்னப் பசி வளரும், அடக்கினால் உடம்பின் ஆற்றல் குறையும். அந்த ஆட்டத்தில் பலர் முதல் முறை செய்யும் தப்பு ஒன்றே: சண்டை எளிதாகிறதே என்று கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, பிறகு பசியளவு ஏறி, படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தைக்கூட எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

சொந்த ஆட்டத்தில் இதை வைப்பவர்களுக்கு: கெடுவை மறைக்காதீர்கள். பார்கெஸ்ட் தின்று முடித்த கணத்திலேயே, அர்கானாவோ ரிலிஜனோ (மந்திர அறிவோ சமய அறிவோ) தெரிந்த பாத்திரத்துக்கு "நாளை இதே நேரம்வரை" என்று சொல்லிவிடுங்கள். மேசைமேல் 24 காசுகளை அடுக்கி, மணிக்கு ஒன்றாக எடுத்துவிடுங்கள். எட்டு மணி நேரம் நீண்ட ஓய்வு எடுத்து மந்திரங்களைத் திரும்பப் பெறலாமா, அல்லது களைத்த உடம்போடு இப்போதே துரத்தலாமா என்று எட்டுக் காசைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வாதாடட்டும். துரத்துவது என்று முடிவானால், எண்ணெய்ப் புட்டிகளைக் கையில் எடுக்கும் ஆளிடம் பத்தடித் தீ என்ன செய்யும் என்பதையும் நினைவுபடுத்தலாம். நினைவுபடுத்தாமலும் விடலாம், அது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது.